முப்பது நொடி

"பச்சையா, சிவப்பா?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

மகள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்கிறேன். பச்சையா, சிவப்பா?"

"சிவப்பும்மா."

நான்காவது நாளாகச் சிவப்பு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அது மூட்டுவாத டாக்டர் கொடுத்த செயலி. மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, அதுவும் ஒரு மாத்திரை மாதிரி, 'தினம் காலை ஒரு வேளை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். எந்த மூட்டு வலிக்கிறது, எவ்வளவு நேரம் இறுக்கமாக இருந்தது என்றெல்லாம் அது கேட்கும். பிறகு திரையில் தெரியும் இரண்டு வட்டங்களை முப்பது நொடி மாற்றி மாற்றி, முடிந்த வேகத்தில் தட்ட வேண்டும். எல்லாம் நேரே டாக்டருக்குப் போய்விடும். நிலைமை நன்றாக இருந்தால் பச்சை காட்டும், மோசமானால் சிவப்பு.

"எனக்கு வலியே இல்லையேடி," என்றாள் அம்மா. "முன்னாடி ராத்திரி முழுக்கக் குடையும். இப்ப அதுகூட இல்ல. அதான் பயமா இருக்கு. மரத்துப் போச்சோ என்னவோ. வெளியே தெரியாம உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு இருக்கோ?"

"சும்மா இரும்மா. கண்டதையும் நினைக்காத."

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அலறியது. மருத்துவமனையிலிருந்து நர்ஸ்.

"டாக்டர் இன்னைக்கே பாக்கணும்னு சொல்றாங்க. தனியா வராதீங்க. வீட்டு ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அந்தத் 'தனியா வராதீங்க'வை அம்மா இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

பஸ்ஸில் அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எண்பது படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற விரல்கள். முன்பு கூட வேலை பார்த்த ஒருத்தியின் கை நினைவுக்கு வந்தது. விரல்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன கை. தம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் அவள் தண்ணீர் குடிப்பாள்.

"என் கையும் அப்படி ஆயிட்டா என்னடி பண்ணுவ?"

"ஆகாதும்மா."

"பேக்கரியில கேக்கு மேல பேர் எழுதுற கை உன் கை. அது எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் பழைய கோப்பைக் கேட்டார்கள். மகள் கைப்பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினாள். பதற்றத்தில் பிடி நழுவிக்கொண்டே இருந்தது. "கொண்டா இங்க" என்று அம்மா பையைப் பிடுங்கி, ஒரே இழுப்பில் திறந்து, கோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

பெஞ்சில் பக்கத்திலிருந்தவர் தன் கைப்பேசியைக் காட்டினார். "எனக்கு மூணு வாரமாப் பச்சை," என்றார், பரீட்சையில் பாசான பிள்ளை மாதிரி. "உங்களுக்கு?"

அம்மா கேட்காதவள்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் அவளுடைய விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"இங்க?"

"இல்ல."

ஒரு ரப்பர் குமிழைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். அதோடு இணைந்த முள் சரசரவென்று மேலே ஏறியது. டாக்டர் முள்ளைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார்.

அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க டாக்டர். கை போயிடுமா?"

"உங்க கைக்கு ஒண்ணுமில்லம்மா. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையும் நல்லா இருக்கு. மாத்திரை நல்லாவே கேட்டிருக்கு." டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு மாடிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போனது. "ஆனா விரல் தட்டுறது மட்டும் ரெண்டு மாசமாக் குறைஞ்சுக்கிட்டே வருது. கேட்டா வலி இல்லைன்னு பதில் போடுறீங்க. வலியை மறைக்கிறீங்களோன்னுதான் வீட்டு ஆளோட வரச் சொன்னேன்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்துவிட்டது.

"அட, அதுவா! இஸ்திரி போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு டாக்டர். நான் தட்டினா அந்தப் போன் என்னை மதிக்கவே மாட்டேங்குது. கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லுவேன். தட்டுறது மட்டும் இவ."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் டாக்டர். சும்மா தட்டுறதுதானேன்னு நினைச்சுட்டேன்."

திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள். டாக்டர் திட்டவில்லை.

"அம்மா வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும்னு வேணும்னே மெதுவாத் தட்டினியா?"

"இல்ல டாக்டர். என்னால எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமாத்தான் தட்டினேன்."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் தன் நாற்காலியை மகளின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கையை நீட்டும்மா."