ஆட்காட்டியின் செய்தி நேரம்

காட்டுக்கெல்லாம் பொதுவாகச் செய்தி சொல்ல ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. சாயங்காலமானால் பாறைமேல் ஏறி நின்று, எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, புலி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். அதற்காக எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் கொடுத்துவந்தார்கள்.

ஒருநாள் காட்டுக் கூட்டத்தில் நரி கேட்டது: "இதற்கு எதற்குத் தண்டத் தீனி? நிறுத்திவிடலாமே!"

காடே கொதித்தது. "எங்கள் ஆட்காட்டிமேல் கை வைத்துப் பார்!" என்று யானை பிளிறியது. "அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்" என்று மான்கள் கண் கலங்கின. நரி மெல்ல நழுவியது.

இத்தனை பேரா! ஆட்காட்டி பூரித்துப்போனது. உடனே பாறைமேல் ஓடி ஏறி, "வணக்கம், இன்றைய செய்திகள்..." என்று தொடங்கியது.

அதே நேரம் ஆலமரத்தில் கிளிகளின் அன்றாடச் சண்டை ஆரம்பித்தது. எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

"எங்கே அண்ணா கிளம்பிவிட்டீர்கள்?" என்று ஆட்காட்டி யானையைக் கேட்டது.

"நீ பாட்டுக்குச் சொல்லம்மா. நீ இருக்கிறாய் என்பதே எங்களுக்குப் போதும்" என்று சொல்லிக்கொண்டே யானையும் போனது.

வெறும் புல்வெளியைப் பார்த்து ஆட்காட்டி செய்தியைச் சொல்லி முடித்தது. அப்போது புதருக்குள்ளிருந்து நரியின் குரல் வந்தது.

"கிழக்குக் குளம் வற்றிவிட்டது என்று நேற்றுச் சொன்னாயே, அங்கே இன்னும் தண்ணீர் கிடக்கிறது. தப்பு!"

"நேற்றும் கேட்டாயா?"

"தினமும்தான் கேட்கிறேன். கேட்காமல் எப்படிக் குறை சொல்வது?"

ஆட்காட்டி பாறையிலிருந்து இறங்கிப் புதரருகே வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "நாளைக்கும் வருவாய்தானே?"