வளைகாப்பு முடியட்டும்

ஜெராக்ஸ் எடுத்துவருவதாகச் சொல்லிப் போனவன் இன்னும் வரவில்லை.

ஒரு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க இவ்வளவு நேரமா?

மனு வக்கீலம்மாவின் மேசைமேல் கிடந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நான் வந்து படிச்சுப் பாத்துக்கறேன், அப்புறம் கையெழுத்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் அவள் கணவன் மயில்சாமி.

வக்கீலம்மா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தாம்மா கடைசி நாள். விபத்து நடந்து ஆறு மாசம் முடியுது. கோர்ட்டு மூடறதுக்குள்ள தாக்கல் பண்ணலைன்னா நஷ்டஈடுங்கற பேச்சே இல்லை."

அவள் தன் வலது காலைப் பார்த்தாள்.

உள்ளே கம்பி. இனி சரியாக மடங்காதாம். தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கால்.

இடித்த வேன் நாத்தனாருடைய மருமகனுடையது. அதுதான் வினை.

சொந்தத்துக்குள் கேஸா? மாப்பிள்ளை கோர்ட்டுப் படி ஏறினால் மானம் போகாதா? பேசிக்கலாம், பேசிக்கலாம். நாத்தனார் சாத்துக்குடிப் பையோடு வந்து வந்து பேசிவிட்டுப் போனாள். ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் ஊர்க் கோயில் நோம்பி. இப்போது நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, அது முடியட்டும்.

பணம் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. நாத்தனார் வீட்டு அண்டாவையா விற்கச் சொன்னாள்?

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெகுளி மனுஷன், கெடு என்றால் என்னவென்று புரியவில்லை. அப்படித்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

மாடிப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கையில் போன்.

"அஞ்சு மணி வரைக்கும் இழுத்துட்டாப் போதும்க்கா. அப்புறம் அவளே நெனச்சாலும் கேசு நிக்காது. நீ நிம்மதியா வளைகாப்பு வேலையப் பாரு."

அடப்பாவி.

ஆறு மாதமும் தெரிந்தேதான்.

அவள் திரும்பி வந்தாள். பேனாவை எடுத்தாள். வக்கீலம்மா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

ஜெராக்ஸை நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வக்கீலம்மா மனுவை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

"ஏனுங்க மேடம்."

"சீக்கிரம் சொல்லும்மா."

"புருசன் மேல கேசு போடறதுக்கு எத்தனை மாசங்க டைமு?"