காயாத பிரஷ்

தண்ணீர் இன்னும் தெளியவில்லை.

உள்ளங்கையில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு. அதில் பிரஷ்ஷின் முடியை வட்டமாகச் சுற்றினாள். பழுப்பாக நுரைத்தது. நுனி தரையைப் பார்க்கக் குழாயடியில் பிடித்தாள். நுனியை நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் முடியைக் கைப்பிடியோடு இறுக்கும் பூணுக்குள் இறங்கிவிடும். பசை இளகும். முடி உதிரும்.

பிழிந்தாள். விரல்களால் நீவி வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். துண்டின் ஓரத்தில் படுக்க வைத்தாள். நிற்க வைக்கக் கூடாது.

எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பிறகு ஏன் திரும்பிப் பார்க்க முடியவில்லை?

பின்னால், கண்ணாடிக்கு முன் நாற்காலியில் பிளெஸ்ஸி இருந்தாள். சற்று முன்புதான் அவளுக்கு மேக்கப் போட்டு முடித்திருந்தாள்.

பிளெஸ்ஸியின் கன்னம் முழுக்கப் பரு. பழுத்தவை, ஆறியவை, குழியாகிப் போனவை.

பரு யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது என்று மேக்கப் வகுப்பின் முதல் நாளே மிஸ் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அதுவரை கவனிக்காதவர்களும் அன்றைக்குக் கவனித்தார்கள்.

ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் பிரஷ்ஷைக் கழுவ வேண்டும். இது விதி. மாலை வகுப்பில் அதை யாரும் செய்வதில்லை. கழுவினால் மறுநாள்தான் காயும். டிஷ்யூவில் துடைத்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போவார்கள்.

அவளும் அப்படித்தான். இன்று வரை.

இன்று அவளுக்குத் தேர்வு; ஜோடியாக உட்காருகிறவளுக்கு நாளை. தேறுகிறவர்களை மிஸ் தை மாதக் கல்யாணங்களுக்கு மேக்கப் போடத் தன்னோடு அழைத்துப் போவார். ஆவணியிலிருந்து அவள் அதை நினைத்துத்தான் பஸ் ஏறுகிறாள்.

முதல் பாதி, சாதாரண மேக்கப். முடிந்தது. இரண்டாம் பாதி, கல்யாணப் பெண்.

ஆள் மாறும். வேறு முகம். அதனால்தான் கழுவுகிறேன்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதையும் யோசித்துச் செய்கிறவள். பிரஷ் காயாது என்பது மட்டும் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

மிஸ் கைதட்டினார்.

"ஆள மாத்த வேண்டாம்ட்டி. அந்தந்த ஜோடியே இருங்க. மூஞ்சியத் தொடச்சிட்டு ஆரம்பிங்க."

அதே முகம்.

அவள் துண்டைப் பார்த்தாள். எல்லா பிரஷ்ஷும் ஈரம். ஒவ்வொன்றாய் எடுத்து ஒற்றினாள். ஊதினாள். மின்விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பவுடர் பிரஷ் மழையில் நனைந்த பூனை வாலைப்போல் சுருங்கிக் கிடந்தது. இதைக்கொண்டு தொட்டால் பவுடர் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும்.

கண்ணாடிக்குள்ளிருந்து பிளெஸ்ஸி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, போன வாரம் ஷர்மிக்குப் போட்டுட்டு டிஷ்யூலதான தொடச்சிய?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அடுத்த நாற்காலியிலிருந்து ஷர்மி முந்திக்கொண்டாள். "எம் மூஞ்சில என்ன இருக்கு, கழுவதுக்கு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.



ஈர பிரஷ்ஷைப் பிடித்திருந்தவளுக்குக் காது சுட்டது. விதி என்று சொல்லலாம். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

பிளெஸ்ஸி குனிந்து தன் பையைத் திறந்தாள். துணி உறையிலிருந்து பிரஷ்களை உருவி நீட்டினாள்.

"இந்தாங்க, காஞ்சிதான் இருக்கு. நான் தெனமும் கழுவுதேன்லா."

வாங்கிக்கொண்டாள்.

அந்த முடி அவளுடையதைவிட மெத்தென்று இருந்தது. பூணில் ஒரு கறை இல்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து தினமும் கழுவப்பட்ட பிரஷ்.

கண்ணிமையில் பொன்னிறம். கன்னத்தில் இளஞ்சிவப்பு. குழிகளின் மேல் அவள் கை அழுத்தாமல் போய்வந்தது. அழுத்தாதது பிளெஸ்ஸிக்கு வலிக்கும் என்பதாலா?

மிஸ் வந்தார். பிளெஸ்ஸியின் முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"தைக்கு நீ வா" என்றார் மேக்கப் போட்டவளிடம்.

ஷர்மி கைதட்டினாள். பிளெஸ்ஸி கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே ஒரு கல்யாணப் பெண் இருந்தாள்.

இனி பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரவல் வாங்கியதைக் கழுவித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அதிலிருப்பது பிளெஸ்ஸியின் முகம். பிளெஸ்ஸியின் பிரஷ்ஷிலிருந்து பிளெஸ்ஸியையே கழுவுவதா? கழுவாமல் கொடுத்தால் அதைத் தொட்டுக் கழுவவே கூசினாள் என்று ஆகாதா?

குழாயைத் திறந்தாள். மூடினாள்.

திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"குடுங்கக்கா. எம் மூஞ்சிதான."

கொடுத்தாள். பிளெஸ்ஸி பிரஷ்களை அப்படியே உறைக்குள் சொருகி நாடாவை முடிந்தாள். மேக்கப்பைத் துடைக்காமலே படியிறங்கிப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தேறிவிட்டாள். வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும். பண்ணவில்லை.

காற்றுக்கு நெற்றியில் முடி விழுந்தது. ஒதுக்கினாள். பாலம் தாண்டியதும் மறுபடி விழுந்தது. மறுபடி ஒதுக்கினாள்.

இடது கையால்.

அப்போதுதான் கவனித்தாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. எதிலும் படாமல். விரல் நுனிகளில் பொன்னிறத் தூள்.

வகுப்பிலிருந்து இதுவரை அதை அப்படியேதான் கொண்டுவந்திருக்கிறாள்.

கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முடி மறுபடியும் விழுந்தது.