இன்னொன்று வை

வீட்டில் பரிமாறும் இயந்திரத்துக்கு நிரல் எழுதியது அங்கயற்கண்ணிதான். போன வாரம் நாத்தனார் ஒப்புக்குப் "போதும்" என்றதும் அது தோசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த அவமானத்தில், "போதும் என்றால் இன்னொன்று வை" என்று மாற்றினாள். எத்தனை தடவை என்று எழுத மறந்துவிட்டாள்.

மகளைக் கட்டிக்கொடுத்தபின் முதன்முதலாக விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி பொன்னம்பலத்துக்கு இலையில் மிச்சம் வைத்து எழும் வழக்கமில்லை. பதினேழாவது தோசையில், "போதும்மா, போதும்" என்றார். இரண்டு விழுந்தன.

"அண்ணே, போதும்னு சொல்லாதீங்க. இன்னும் வேணும்னு சொல்லுங்க. அதுக்கு நான் ஒண்ணும் எழுதல."

"இன்னும் வேணும்" என்றார் மூச்சுவாங்க.

இயந்திரம் அசையாமல் நின்றது. அங்கயற்கண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொன்னம்பலம் இயந்திரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வாய்விட்டுக் கேட்டும் வைக்கலையேம்மா."