மாமாக்கு மொதல்ல!

"மாமாக்கு மொதல்ல!"

திருவந்திபுரம் கோயில் மொட்டை மண்டபமே திரும்பிப் பார்த்தது. மூன்று வயது கனிமொழி தரையில் மல்லாந்து படுத்து, காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"மாமாக்கு எதுக்குடி மொட்டை? வேண்டுதல் உனக்குத்தான். சமத்தா மாமா மடில உக்காரு பாப்பா," கெஞ்சினாள் அம்மா பவானி.

"மாட்டேன்! மாமாக்கு மொதல்ல!"

பவானியின் நாத்தனார் அமராவதிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? கழுத்தை ஒரு வெட்டு வெட்டி ஆரம்பித்தாள்.

"நாங்கல்லாம் புள்ள வளக்கல? நான் கண்ண உருட்டுனா எம் பையன் தும்மக்கூட மாட்டான். இப்ப என்னான்னா, 'தங்கம், ஒனக்கு எந்தச் சட்ட வேணும்?'னு புள்ளகிட்ட பர்மிஷன் கேக்குறாளுங்க! அனுபவி!"

பவானி மகளைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தாள். எந்த வாயால் பதில் சொல்வாள்? நீலக் கிண்ணத்தில்தான் சோறு என்று மகள் பிடித்த அடத்துக்கு, நேற்று அதில் ஊறிய உளுந்தை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தவள் ஆயிற்றே.

ஆனால் இது கிண்ண விவகாரம் இல்லை. இன்று சாயந்திரம் சிதம்பரத்தில் அவள் தம்பி இளவரசுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். வந்த இடமெல்லாம் ஜாதகத்தில் தட்டிப்போக, போட்டோவைப் பார்த்ததுமே பெண் வீட்டில் சரி சொன்ன ஒரே இடம் இதுதான்.

"விடுக்கா," என்றான் இளவரசு. ஓசூர் கம்பெனியிலிருந்து வந்து ரெண்டு நாளாயிற்று. தலையில் மாட்டின சிவப்புத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. ஸ்டைலாம். "தாய்மாமன்னா சும்மாவா? நானே மொதல்ல எடுத்துக்கறேன்."

"டேய், அறிவிருக்கா? மொட்டையோட போயி பொண்ணு பாப்பியா?"

"எனக்குப் பாப்பாவ விட முடி பெருசா?"

பவானிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துக் கனிமொழி எழுந்து ஓட, மொத்தக் குடும்பமும் அவள் பின்னால் ஓடியது. தூணைச் சுற்றி, செருப்புக் குவியலைத் தாண்டி அவளைப் பிடித்துக்கொண்டு வந்தால், இளவரசு சந்தனம் பூசிய மண்டையோடு உட்கார்ந்திருக்கிறான்!

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள் பவானி.

"ஜாஸ்தி வேல இல்லம்மா," என்றார் முடி எடுத்தவர், கத்தியைத் துடைத்தபடி.

கனிமொழி சமர்த்தாக மாமா மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு சத்தம் இல்லை.

வேன் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அமராவதியின் ரேடியோ ஓயவில்லை. "இந்த எடம் மட்டும் தட்டிப்போச்சி, நான் புள்ளயச் சொல்ல மாட்டேன். வளத்தவளத்தான் சொல்லுவேன்."

பெண்ணின் அப்பா பழனிவேல் வாசலிலேயே நின்றுவிட்டார். செல்போனில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மாப்பிள்ளை மண்டையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இதுல முடி இருக்குதே?"

"எல்லாம் எம் பொண்ணு புடிச்ச அடம்ங்க," என்று பவானி நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "தப்பு என்னுதுங்க. அவன வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பழனிவேல் உருகிப்போனார். "அக்கா பொண்ணுக்காக, அதுவும் இன்னிக்கி! தங்கமான மனசு மாப்ள ஒங்களுக்கு. வாங்க, உள்ள வாங்க."

இட்லியும் கொத்சும் வந்தன. கொண்டுவந்த பெண் சத்யப்பிரியா மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இளவரசு பெருந்தன்மையாகத் தலையைத் தடவினான்.

"முடி என்னாங்க முடி. இன்னிக்கிப் போனா ஆறு மாசத்துல மொளச்சிடும்."

"மொளைக்காது!"

கனிமொழிதான். வாயெல்லாம் கொத்சு. இட்லியைக் கீழே வைத்துவிட்டு, மாமன் மாதிரியே குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"'பாப்பா, மாமாக்கு நடுமண்டைல முடியெல்லாம் கொட்டிப்போச்சி. யார்கிட்டயும் சொல்லாத. மாமாக்கு மொதல்லன்னு நல்லா அழுவு, நிறுத்தாத. ரெண்டு ஐஸ் வாங்கித் தரேன்'னு சொன்னல்ல? ஒண்ணுதான வாங்கிக் குடுத்த?"

அமராவதியின் வாய் திறந்தது. இன்று முதல் தடவையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை. இளவரசு கை தானாகத் தொப்பியைத் தேடியது. பவானி அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தும்மக்கூட இல்லை அவன்.

சத்யப்பிரியா தட்டை வைத்துவிட்டு வந்து, கனிமொழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கி ஐஸ நான் வாங்கித் தரேன் வா. அப்பா, எனக்குச் சம்மதம்ப்பா. அவுங்க வீட்டுல உண்மையப் பேச ஒரு ஆளாவது இருக்கு!"