கடல்மேல் ஓடிய வண்டி

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து மணமேல்குடி செவந்திக்குப் அங்கே பிழைக்கப் போன புருஷன் நாகராசிடமிருந்து கடிதமே இல்லை. மாசியில் மூன்று நாள் ஒரே கனவு வந்தது. நாகராசு கடல்மேல் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு கரைக்கு வருகிறான். கனவுக்குப் பலன் சொல்லும் பூசாரியிடம் போய்க் கேட்டாள்.

“தண்ணிமேல வண்டி ஓடுனா, போன ஆளு உசிரோட வருவாரு தாயி.”

வைகாசியில் ஒரு மத்தியானம் வாடகை வண்டி வாசலில் நின்றது. நாகராசு எலும்பும் தோலுமாக இறங்கினான். செவந்தி அழுதுகொண்டே ஓடினாள். அவளைக் கண்டதும் அவன் பின்வாங்கினான்.

“பர்மாவுலேருந்து காடு மலையெல்லாம் எங்கூடத்தான நடந்து வந்த? இங்கிட்டு எப்புடி நிக்கிற?”

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண், “யாருங்க அது?” என்று கேட்டாள். அது செவந்தியின் குரல்.