ஜெர்மனியில் ஒன்பது நாள்

"ஹாம்பர்க்ல ரெண்டு நாள். லூபெக்ல ஒரு நாள். அப்புறம் கடலோரமாவே டிரைவ் பண்ணி ரூகன் தீவு. அங்க மூணு நாள்..."

நஞ்சுண்டன் டைனிங் டேபிள் முழுக்க மேப்பை விரித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"மொத்தம் எத்தனை நாளுங்க?" தாமரைச்செல்வி கேட்டாள்.

"ஒன்பது."

"லீவு மூணு வாரம். போக வர பிளேன்லயே ரெண்டு நாள். ஜெர்மனிக்கு ஒன்பது. அப்போ அத்தைக்கு?"

"அதான் பத்து நாள் இருக்கே."

தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து ஐந்து வருஷம். கிரீன் கார்டு வரட்டும், வரட்டும் என்று ஒத்திப்போட்டு, இந்தத் தொண்ணூற்றெட்டில்தான் முதல் தடவையாக ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிளேன் மாறினோமா, ஊர் போய்ச் சேர்ந்தோமா என்றில்லாமல், இந்த மனுஷனுக்கு வட ஜெர்மனியைக் காரில் சுற்றிப் பார்க்க வேண்டுமாம்!

தாமரைக்கு அப்பா, அம்மா இல்லை. பதினோரு வயதிலிருந்து ஹாஸ்டல். லீவு விட்டால் மற்ற பெண்கள் பெட்டி கட்டுவார்கள். இவள் மட்டும் காலி மெஸ்ஸில் வார்டனோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணமான புதிதில் கோபிச்செட்டிபாளையத்தில் மாமியாரோடு இருந்த நாற்பது நாள்தான், 'எங்க வீடு' என்று அவள் வாய் நிறையச் சொன்ன நாட்கள். இங்கே பகலெல்லாம் நாலு சுவருக்குள் குழந்தையோடு தனியாக இருக்கும்போது, ஊருக்குப் போவதை நினைத்துத்தான் பொழுதைத் தள்ளினாள்.

அதில் பாதியை இவன் கடலோரத்தில் தொலைக்கப் பார்க்கிறான்.

"அப்படி என்னதாங்க இருக்கு அங்க?"

"லைட் ஹவுஸ் இருக்கு. வெள்ளைப் பாறை இருக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம். பார்க்க ரொம்ப அழகா இருக்குமாம்."

ஆசைப்பட்டுப் போகிறவன் பேசுகிற மாதிரியே இல்லை. ஆபீஸ் ரிப்போர்ட்டைப் படிப்பது போலச் சொன்னான்.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த நாலு வயது வெண்பா நிமிர்ந்தாள்.

"டாடி, இஸ் பாட்டி இன் ஜெர்மனி?"

"நல்லாக் கேளுடி உங்கப்பாவை! பேத்தி மூஞ்சியைக்கூட இன்னும் பார்க்காம அங்க ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு நாளாவது கம்மி பண்ணுங்க."

"முடியாது தாமரை. ஹோட்டல் எல்லாம் புக் பண்ணியாச்சு."

"என்னைக் கேட்காமயேவா?"

அவன் மஞ்சள் பேனாவை மூடி வைத்தான்.

"பெத்த அம்மாவைவிட லைட் ஹவுஸ் பெருசாப் போச்சு! அம்மா இருக்கிறவங்களுக்கு எங்க அருமை தெரியுது? உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதுங்க."

நஞ்சுண்டன் மேப்பை மடித்தான். சரியாக மடிக்க வரவில்லை. அப்படியே சுருட்டி வைத்துவிட்டு, இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்கிவருவதாகச் சொல்லிக் கிளம்பினான். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவன் கார் பார்க்கிங் லாட்டைத் தாண்டியதும் தாமரை ஊருக்குப் பேசும் காலிங் கார்டைத் தேடி எடுத்தாள். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. பெற்றவள் ஒரு வார்த்தை அதட்டினால் கேட்காமலா போவான்?

மாமியார் ராமாத்தாள் இப்போது இருப்பது மூத்த மகன் கந்தசாமி வீட்டில். நல்லவேளை, போனை ராமாத்தாளே எடுத்தாள்.

"கண்ணு, நல்லா இருக்கியா? பாப்பா நல்லா இருக்குதா?"

"அத்தை, உங்க பையன் பண்றது கொஞ்சம்கூட நல்லா இல்லைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வர்றோம், வெறும் பத்தே நாளுங்கறார். மிச்ச நாளெல்லாம் ஜெர்மனியில ஊர் சுத்தப் போறாராம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை. ஜெர்மனியை கேன்சல் பண்ணிட்டு நேரா அங்க வந்திடறோம்."

தாமரை ரிசீவரைத் தட்டிப் பார்த்தாள்.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு." ராமாத்தாளின் குரல் தணிந்துபோயிருந்தது. "பெரிய மருமக கோயிலுக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். பத்து நாள்னு சொன்னது உன்ற புருஷன் இல்ல."

"பின்னே?"

"பெரியவதான். 'பத்து நாளைக்கு மேல என்னால ஆக்கிப் போட முடியாது, வேணும்னா லாட்ஜ்ல தங்கிக்கட்டும்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிப்போட்டா. பெரியவனும் வாயைத் திறக்கல. நானே அவங்க சோத்துல இருக்கிறவ, என்ன பேச முடியும்? போன மாசம் ஆபீஸ்ல இருந்து நஞ்சுண்டன் கூப்பிட்டப்ப அழுதுக்கிட்டே சொன்னேன்."

தாமரை ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட அவர் ஒண்ணுமே சொல்லலையே அத்தை!"

"சொல்லமாட்டேன்னான் கண்ணு. 'அவளுக்குன்னு இருக்கிறது நம்ம வீடு ஒண்ணுதாம்மா. அங்கயும் வேண்டாம்னுட்டாங்கன்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிருவா. எனக்குத்தான் ஊர் சுத்துற ஆசைன்னு இருக்கட்டும், கெட்ட பேரு எனக்கே வரட்டும்'னான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டான்..."

ராமாத்தாளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"நீ அவனை ஒண்ணும் சொல்லிப்போடலையே, கண்ணு?"